வகுப்பைத் தந்தீர்கள், பயிற்சியையும் தாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பசறையிலிருந்து பதுளைக்கு வரும் பஸ்ஸில் நீங்கள் எப்போதாவது வந்திருந்தால் இந்தக் காட்சியைக் கண்டிருப்பீர்கள். வெள்ளை உடுத்த சிங்களப் பிள்ளைகள் தஹம் பாடசாலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். தோட்டத்துச் சந்தியில் பஸ் நின்றால், நெற்றியில் திருநீறோடு அறநெறிப் பாடசாலைக்கு நடந்து போகும் பிள்ளைகளை ஜன்னல் வழியே காணலாம். தேவாலயத்து ஞாயிறு பள்ளிக்குப் போகிறவர்களும் இருப்பார்கள். வெள்ளைத் தொப்பியும் பர்தாவும் அணிந்த நமது பிள்ளைகள் அஹதிய்யாவுக்கு வருவார்கள்.

அந்தப் பிள்ளைகளின் நடுவே பதினாறு, பதினேழு வயதுப் பெண்கள் சிலரும் நின்றுகொண்டு வருவார்கள். கையில் ஒரு பாடப்புத்தகம், பையில் இரண்டு வெண்கட்டி. அவர்கள்தான் அந்தப் பிள்ளைகளின் ஆசிரியர்கள். அவர்களில் நானும் ஒருத்தி.

நான் ஆசிரியையான கதை மிகச் சிறியது. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வரும் வழியில் அஹதிய்யாவுக்குப் பொறுப்பான ஒருவர் வாப்பாவிடம், "உங்கட மகள் இஸ்லாம் பாடத்தில கெட்டிக்காரிதானே. இப்ப வீட்டில சும்மாதானே இருக்கிறா. ஞாயிற்றுக்கிழமையில அனுப்புங்களேன்" என்று கேட்டிருக்கிறார். வாப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கும் சந்தோஷம்தான். அடுத்த ஞாயிறு தரம் 2, தரம் 3 இரண்டையும் சேர்த்து 34 பிள்ளைகளை என் முன்னால் உட்கார வைத்தார்கள். "பார்த்துக்கொள்ளுங்க மகள்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்கள். எனக்குக் கிடைத்த பயிற்சி முழுவதும் அந்த ஒரு வசனம்தான்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆட்பற்றாக்குறை எல்லோருக்கும் தெரிந்ததே. மௌலவிமாருக்கும் ஆசிரியைமாருக்கும் வாரம் முழுவதும் வேலை. சம்பளமில்லாமல் ஞாயிறு காலையில் வர யாரும் இல்லாதபோது எங்களைக் கூப்பிடுகிறார்கள். அதுவும் நம்பிக்கையோடுதான் கூப்பிடுகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு நன்றி சொல்லிவிட்டு, ஒரு விஷயத்தைப் பெற்றோரிடமும் பெரியவர்களிடமும் என் வயதுத் தோழியரிடமும் கேட்கவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். ஒன்றைத் தெரிந்து வைத்திருப்பது வேறு. அதை ஏழு வயதுப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பது வேறு. முதலாவது எங்களிடம் ஓரளவு இருக்கிறது. இரண்டாவதை யாராவது எங்களுக்குச் சொல்லித் தர வேண்டும்.

இது எனக்கு எப்படி விளங்கியது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

மூன்றாவது ஞாயிறு என்று நினைக்கிறேன். பாடம் வுழூ. வுழூவின் பர்ழுகள் ஆறு என்று கரும்பலகையில் எழுதினேன். நிய்யத்து வைத்தல், முகம் கழுவுதல், முழங்கை வரை கைகளைக் கழுவுதல், தலையின் ஒரு பகுதியை மஸ்ஹு செய்தல், கரண்டை வரை கால்களைக் கழுவுதல், வரிசைப்படி செய்தல். நான் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். பத்துத் தடவை சொன்ன பிறகு 34 பிள்ளைகளும் ஒரே குரலில் ஒப்புவித்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நான் நல்ல டீச்சர்தான் என்று எண்ணிக்கொண்டேன்.

அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பிள்ளை கையை உயர்த்தினாள். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்துக்கு முன்னால் அவளுடைய வாப்பாவுக்குச் சிறிய கடை. கடைக்குப் பின்னால்தான் வீடு. அந்தத் தோட்டத்தில் முஸ்லிம் குடும்பம் அவர்களுடையது மட்டும்தான். மற்றப் பிள்ளைகள் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் இருந்து நடந்து வரும்போது, இவள் முதல் பஸ்ஸைப் பிடித்து வருவாள்.

"டீச்சர், பீலில தண்ணி வராத நாளைக்கு எப்புடி வுழூ செய்றது?" என்று கேட்டாள்.

பீலி என்ற சொல்லைக் கேட்டதும் டவுன் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்களுக்குக் குழாய்தான் தெரியும். மலையிலிருந்து வரும் ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து லயத்துக்கு விடும் பீலியை அவர்கள் கண்டதில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. தெரியாது என்று சொன்னால் பிள்ளைகள் என்னை மதிக்கமாட்டார்கள் என்று பயந்தேன். ஆகவே, "பாடத்தில் இல்லாததைக் கேட்காதே, முதலில் ஆறையும் பாடமாக்கு" என்று சத்தம் போட்டேன். மறுபடியும் ஒரு சிரிப்பு எழுந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தாள்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மழையாக இருக்கும், பஸ் இல்லாமல் இருக்கும் என்று நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஐந்தாவது ஞாயிறும் அவளுடைய இடம் காலியாக இருந்தபோது, எனக்குக் காரணம் தெரியாமல் இல்லை.

அந்தக் கேள்வியைப் பிறகு ஒரு மௌலவியாவிடம் கேட்டேன். அவர் சொன்ன பதில் இன்றும் என்னைக் குத்துகிறது. நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' அளவு தண்ணீரில் வுழூ செய்தார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. ஒரு முத் என்பது ஒரு லீற்றருக்கும் குறைவு. ஒரு போத்தல் தண்ணீர் முழுவதும் வேண்டியதில்லை. அறவே தண்ணீர் இல்லாவிட்டால் தயம்மும் இருக்கிறது. அந்தப் பிள்ளை ஒரு குடத்துத் தண்ணீரை வீடு முழுவதும் பங்கிட்டுக்கொள்ளும் இடத்திலிருந்து வந்தவள். முப்பத்துநான்கு பேரில் வுழூவைப் பற்றி உண்மையாக யோசித்தவள் அவள் ஒருத்திதான். தண்ணீரை வீணாக்காத ஒரு நபியின் உம்மத்தில் தான் பிறந்திருக்கிறாள் என்று அன்றைக்கு அவளுக்கு நான் சொல்லியிருக்கலாம். குழாயைத் திறந்துவிட்டு வுழூ செய்யும் டவுன் பிள்ளைகளுக்கும் அது பெரிய பாடமாக இருந்திருக்கும். நானோ அவளைச் சிரிப்புக்கு ஆளாக்கி அனுப்பினேன்.

நான் கெட்டவள் என்பதால் இது நடக்கவில்லை. கேள்வி கேட்கும் பிள்ளையை எப்படிப் பார்ப்பது, பதில் தெரியாதபோது என்ன சொல்வது, வகுப்பு சிரிக்கும்போது யார் பக்கம் நிற்பது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இவற்றை ஒரு மாலைப் பொழுதில் சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

பிள்ளைகளைக் கொண்டு பிள்ளைகளுக்குக் கற்பிப்பது புதிய விஷயமல்ல. நம் தமிழ் நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் 'சட்டாம்பிள்ளை' இருந்தான். வாத்தியாருக்கு உதவியாகச் சின்னவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது அவன் வேலை. 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதியொன்றைப் பொறுப்பேற்ற அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துக்காரர், நம்மூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தன் விடுதியில் செய்து பார்த்தார். பெரிய பிள்ளைகளைச் சின்னப் பிள்ளைகளுக்கு ஆசிரியர்களாக்கினார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. அதாவது, நம் திண்ணையில் இருந்த ஒரு வழக்கம் கப்பலேறி வெள்ளைக்காரர் நாட்டுக்குப் போனது.

ஆனால் அங்கே ஒரு குறையும் தெரியவந்தது. சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பெரிய பிள்ளைகளுக்குப் போதிய கல்வி இல்லை. ஒப்புவிக்கக்கூடியதை மட்டுமே அவர்களால் கற்பிக்க முடிந்தது. நான் ஆறு பர்ழுகளையும் ஒப்புவிக்க வைத்தேனே, அதே கதைதான். ஆகவே 1846இல் இங்கிலாந்து அரசாங்கம் 'மாணவ ஆசிரியர்' என்ற முறையைக் கொண்டுவந்தது. 13 வயதில் சேரும் பிள்ளை ஐந்து வருடங்கள் ஒரு தலைமையாசிரியரின் கீழ் பழக வேண்டும். அந்தத் தலைமையாசிரியர் ஒவ்வொரு பாடசாலை நாளிலும் ஒன்றரை மணித்தியாலம் அந்தப் பிள்ளைக்கென்று ஒதுக்கிக் கற்றுக்கொடுக்க வேண்டும். இளையவர்களிடம் வேலை வாங்குகிறவர்கள் அவர்களுக்காக நேரம் செலவழிக்கவும் வேண்டும் என்பதை அங்கே விதியாகவே எழுதி வைத்தார்கள்.

ஞாயிறு பள்ளியின் வரலாறும் சுவையானது. இங்கிலாந்தின் குளொஸ்டர் நகரில் 1780இல் ரொபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகையாளர், வாரம் முழுவதும் வேலைக்குப் போகும் ஏழைப் பிள்ளைகளுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளி நடத்தத் தொடங்கினார். கிறிஸ்தவர்களிடமிருந்து மற்றவர்கள் அதைக் கற்றுக்கொண்டார்கள். 1838இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ரெபெக்கா கிராட்ஸ் என்ற யூதப் பெண்மணி தம் சமூகத்துப் பிள்ளைகளுக்காக ஞாயிறு பள்ளியொன்றைத் திறந்தார். அங்கே கற்பித்தவர்கள் சம்பளம் வாங்காத இளம் பெண்கள். அந்தப் பள்ளியில் படித்து வெளியேறிய பிள்ளைகளே பின்னர் அங்கு ஆசிரியைகளாகவும் வந்தார்கள். நம் காலியில் 1895இல் விஜயானந்த விஹாரையில் ஒல்கொட் அவர்களின் முயற்சியால் பௌத்தப் பிள்ளைகளுக்கான முதல் தஹம் பாடசாலை தொடங்கப்பட்டது. நமது அஹதிய்யாவின் பெயரே ஞாயிற்றுக்கிழமையைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஒவ்வொரு சமூகமும் தன் பிள்ளைகளைப் பற்றி ஒரே மாதிரித்தான் கவலைப்பட்டிருக்கிறது.

யூதர்களைப் பற்றிய பேச்சு வந்தால் பலஸ்தீனப் பிள்ளைகளின் முகம்தான் நம் கண்ணில் முதலில் தோன்றும். அந்த வேதனையை யாரும் மறக்கச் சொல்ல முடியாது. ஆனால் நல்லதொரு வழக்கம் யாரிடம் இருந்தாலும் அதைக் கவனிப்பது நமக்கு நல்லது. இன்றும் அமெரிக்காவில் அவர்களுடைய வாராந்த மதப் பள்ளிகள் பலவற்றில் 13 வயதைத் தாண்டிய பிள்ளைகள் உதவி ஆசிரியர்களாக இருக்கிறார்கள். ஹீப்ரு மொழியில் அவர்களை 'மத்ரிக்' என்று அழைக்கிறார்கள். வழிகாட்டுகிறவர் என்பது பொருள். பல இடங்களில் அவர்களை ஒரு வகுப்பைத் தனியாக எடுக்க விடுவதில்லை. அனுபவமுள்ள ஆசிரியருக்குப் பக்கத்தில் நின்று, பின்தங்கிய ஒரு பிள்ளைக்கு எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொடுப்பதில் தொடங்குகிறார்கள். அவர்களுக்கென்று தனியாகப் பயிற்சி அமர்வுகளும் நடக்கின்றன. சின்னவர்கள் தங்களைவிடச் சற்றே பெரிய ஒரு அக்காவைப் பார்த்து, 'நானும் இவரைப் போல் ஆகலாம்' என்று எண்ணுகிறார்கள். பெரியவர்கள் சொன்னால் ஏறாதது அந்த அக்கா சொன்னால் ஏறுகிறது.

தூரத்துக்குப் போவானேன்? நம் மலையகத்தையே பாருங்கள். தோட்டப் பாடசாலைகளில் ஆசிரியர் போதாத நிலை பல தலைமுறையாக இருந்து வந்தது. 2014, 2015 காலப்பகுதியில் உயர்தரம் சித்தியடைந்த இளைஞர் யுவதிகளை 'ஆசிரிய உதவியாளர்கள்' என்ற பெயரில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு நியமித்தார்கள். தொடக்கத்தில் மாதம் 6,000 ரூபாய்தான் கொடுப்பனவு. பிறகு அது 10,000 ரூபாயானது. அவர்கள் பட்ட கஷ்டம் பத்திரிகைகளில் வந்தது. ஆனாலும் அவர்களுக்கு ஆசிரியர் கலாசாலைப் பயிற்சி என்ற ஒரு வழி வைக்கப்பட்டிருந்தது. பயிற்சியை முடித்தே ஆசிரியர் சேவைக்குள் போனார்கள். பண்டாரவளை பிந்துனுவெவயில் உள்ள ஊவா தேசிய கல்வியியற் கல்லூரியைப் போன்ற கல்லூரிகளில் ஓர் ஆசிரியை உருவாக மூன்று வருடங்கள் ஆகின்றன. அதில் ஒரு வருடம் பாடசாலையொன்றில் கட்டுறுப் பயிற்சி. கணக்கும் தமிழும் கற்பிக்க மூன்று வருடப் பயிற்சி வேண்டும் என்று நாம் ஒப்புக்கொள்கிறோம். ஒரு பிள்ளையின் ஈமானைக் கட்டியெழுப்பும் வேலைக்கு மூன்று நாள் பயிற்சியும் வேண்டாமா?

"ஓதத் தெரிந்தால் ஓதிக்கொடுக்கலாம், இதற்கு என்ன பயிற்சி?" என்று சிலர் கேட்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் அப்படிச் செய்யவில்லையே. முஆத் (ரழி), அபூ மூஸா (ரழி) இருவரையும் யமனுக்கு அனுப்பியபோது, இலகுபடுத்துங்கள், கஷ்டப்படுத்தாதீர்கள், நற்செய்தி சொல்லுங்கள், வெறுப்பூட்டி விரட்டிவிடாதீர்கள் என்ற கருத்தில் அறிவுரை சொல்லியே அனுப்பினார்கள். எதை முதலில் சொல்வது, அதை ஏற்றுக்கொண்ட பிறகு எதைச் சொல்வது என்ற ஒழுங்கையும் முஆத் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். முஆத் அப்போது இளைஞர். மார்க்கம் நன்கு தெரிந்தவர். அப்படிப்பட்டவருக்கே வழியனுப்பும் முன் எப்படிக் கற்பிப்பது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இதற்கு மேல் ஆதாரம் வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

"உயர்தரப் பிள்ளைகளுக்கு நேரமேது?" என்று கேட்கும் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஞாயிறு காலையில் டியூஷன் வகுப்பு நிரம்பி வழிகிறது என்பது உண்மை. இஸட் புள்ளிக்குப் பயந்து நாங்களும் ஓடுகிறோம். ஆனால் இரண்டு மணித்தியாலம் பிள்ளைகளுக்கு முன்னால் நின்ற பிறகு எனக்கு என் பாடங்களே தெளிவாக விளங்கத் தொடங்கின. பிறருக்கு விளங்கப்படுத்த வேண்டுமென்றால் முதலில் எனக்கு விளங்க வேண்டும் அல்லவா? நாளைக்கு எங்களில் பலர் ஆசிரியைகளாவோம், எல்லோரும் இன்ஷா அல்லாஹ் தாய்மாராவோம். இந்த இரண்டு மணித்தியாலம் அந்த இரண்டு வேலைகளுக்கும் பழகும் இடம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். 2019 ஏப்ரலுக்குப் பிறகு நமது மார்க்க வகுப்புகளில் என்ன கற்பிக்கப்படுகிறது, யார் கற்பிக்கிறார்கள் என்று நாட்டில் பலர் கேட்டார்கள். சிலர் அதை நியாயமில்லாமல் கேட்டார்கள். அது நமக்கு வலித்தது. ஆனால் அதே கேள்வியை அன்போடு நாமே நம்மிடம் கேட்டுக்கொள்வதில் தவறில்லை. என் பிள்ளைக்கு அஹதிய்யாவில் கற்பிப்பது யார்? அவளுக்குக் கற்பிக்கச் சொல்லிக்கொடுத்தது யார்? எத்தனை பெற்றோருக்கு இதற்குப் பதில் தெரியும்?

எனக்குப் பயிற்சி எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அஹதிய்யாவின் மேல் வகுப்புக்குக் கற்பிக்கிறார். நான் ஒரு நாள் அவரிடம் அழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "நாலு கிழமைக்கு என்ட வகுப்பில பின்னுக்கு வந்து இரிங்க மகள், ஒண்டும் பேசத் தேவையில்ல, பாருங்க" என்றார். என் வகுப்பை அந்த நான்கு ஞாயிறும் இன்னொருவரோடு சேர்த்துவிட்டார்கள்.

பின் வரிசையிலிருந்து பார்த்தபோது, முன்னால் நின்று பார்த்தபோது தெரியாதவை தெரிந்தன. அவர் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழைத்தார். பாடத்தைச் சொல்லும் முன், "உங்கட வீட்டில இதை எப்படிச் செய்றீங்க?" என்று கேட்டார். பிறகே புத்தகத்தைத் திறந்தார். ஒரு பிள்ளை பிழையாக ஓதினால் வகுப்பின் முன்னால் திருத்தவில்லை. எல்லோரையும் சேர்த்து ஒருமுறை சரியாக ஓத வைத்தார். கையில் பிரம்பு இல்லை. பதில் தெரியாத கேள்வி வந்தபோது, "நல்ல கேள்வி, எனக்குத் தெரியாது, அடுத்த கிழமை கேட்டுக்கொண்டு வாறன்" என்று சொல்லி ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார். ஐம்பது வருடம் கற்பித்தவர் தெரியாது என்று சொல்வதைக் கேட்டு நான் வியந்தேன். "இமாம் மாலிக் (ரஹ்) அவர்களே எத்தனையோ கேள்விக்குத் தெரியாதெண்டு சொல்லியிருக்கிறாங்க. நீங்களும் நானும் சொன்னா என்ன குறைஞ்சிபோகும்?" என்று சிரித்தார்.

நான்கு ஞாயிறு. ஒரு சதமும் செலவில்லை. என் கற்பித்தல் முற்றாக மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் இப்போது என் பையிலும் ஒரு கொப்பி இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது பெரிய கட்டடமோ பணமோ அல்ல. ஒரு பிள்ளையிடம் வகுப்பை ஒப்படைக்கும் முன், நான்கு அல்லது ஆறு ஞாயிறு அனுபவமுள்ள ஒருவரின் வகுப்பில் அவளை உட்கார வையுங்கள். பிறகு அவள் கற்பிக்கும்போது அந்த ஆசிரியை ஒருமுறையாவது பின்னால் உட்கார்ந்து பார்த்து, எது நன்றாக இருந்தது, எதை மாற்ற வேண்டும் என்று தனியாகச் சொல்லட்டும். பாடசாலை விடுமுறையில் ஒரு நாள், பதுளையிலோ பண்டாரவளையிலோ, வெலிமடை, குருத்தலாவ, ஹப்புத்தளை, பசறைப் பக்கத்துப் பிள்ளைகளையெல்லாம் கூட்டி ஒரு பயிற்சிப் பட்டறை நடத்தலாம். நம் கல்லூரியிலேயே இஸ்லாம் பாட ஆசிரியைகளும் ஆரம்பப் பிரிவு ஆசிரியைகளும் இருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் வித்தை அவர்களுக்குத் தெரியும். அஹதிய்யாப் பிள்ளைகளுக்கு இறுதிச் சான்றிதழ்ப் பரீட்சையும் அதற்கு மேல் தர்மாச்சாரிய பரீட்சையும் இருக்கின்றன. அவற்றுக்குத் தோற்றும்படி எங்களை ஊக்கப்படுத்துங்கள். பிரம்பை எங்கள் கையில் தராதீர்கள். அரசாங்கப் பாடசாலையில் கூடாது என்று சொல்லப்பட்டது அல்லாஹ்வின் வீட்டில் மட்டும் எப்படிக் கூடும்?

தோழியரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. யாராவது உங்களை வகுப்பெடுக்கக் கூப்பிட்டால், மறுக்காதீர்கள். ஆனால், "முதலில் நான் சில கிழமை இருந்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள். கேட்பது வெட்கமில்லை. நான் அன்றைக்குக் கேட்டிருந்தால் ஒரு பிள்ளையின் ஐந்து ஞாயிறு வீணாகியிருக்காது.

அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஒரு சனிக்கிழமை உம்மாவைக் கூட்டிக்கொண்டு அவளுடைய தோட்டத்துக்குப் போனேன். பஸ்ஸை விட்டிறங்கி மேட்டில் ஏற வேண்டும். கடைக்கு முன்னால் பீலி. பெண்கள் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். தண்ணீர் நூலாகத்தான் வந்தது. அவளுடைய கேள்வி எங்கிருந்து வந்தது என்று அங்கே நின்றபோதுதான் கண்ணால் கண்டேன். அவளுடைய உம்மா தேத்தண்ணி தந்தார். பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்றாள். நான் அவளிடம், "அன்றைக்கு நீங்க கேட்டது நல்ல கேள்வி. எனக்குத்தான் பதில் தெரியவில்லை. இப்ப கேட்டுக்கொண்டு வந்திருக்கிறன்" என்று சொல்லி, ஒரு போத்தலில் தண்ணீர் எடுத்து அவள் முன்னால் வுழூ செய்து காட்டினேன். கடைசியில் போத்தலில் கொஞ்சம் மிச்சமும் இருந்தது. அவள் அந்த மிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அவள் வருகிறாள். ஒரு ஞாயிறும் தவறுவதில்லை. ஆனால் கடைசி வரிசையில் உட்காருகிறாள். இன்னும் கையை உயர்த்தவில்லை. அவள் கையை உயர்த்தும் நாளுக்காக நான் காத்திருக்கிறேன்.

புகாரியில் வரும் ஒரு சம்பவத்தோடு முடிக்கிறேன். அம்ர் இப்னு ஸலிமா (ரழி) அவர்களின் கூட்டத்தார் தண்ணீர்த்துறை ஒன்றின் அருகே வசித்தார்கள். அந்த வழியாகப் போகும் பிரயாணிகளிடம் கேட்டுக் கேட்டே அவர் குர்ஆனைப் பாடமாக்கியிருந்தார். தங்களில் அதிகம் குர்ஆன் தெரிந்தவர் யார் என்று அவர்கள் தேடியபோது, ஆறேழு வயதுச் சிறுவரான அவரைவிட அதிகம் தெரிந்தவர் எவருமில்லை. அவரையே இமாமாக முன்னால் நிறுத்தினார்கள். ஆனால் அவர் உடுத்தியிருந்த போர்வை சிறியது. ஸுஜூது செய்யும்போது அது மேலேறிவிடும். அந்தக் கூட்டத்துப் பெண்ணொருவர் அதைக் கவனித்து, இவரை முன்னால் நிறுத்துகிறீர்களே, இவரது உடலை மறைக்க வேண்டாமா என்று கேட்டார். உடனே துணி வாங்கி அவருக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார்கள். அந்தச் சட்டை கிடைத்தபோது அடைந்த சந்தோஷத்தைப் போல் வேறெதிலும் அடைந்ததில்லை என்று அவரே பிற்காலத்தில் சொன்னார்.

வயது சிறியது என்று அந்தக் கூட்டம் அவரை ஒதுக்கவில்லை. குறையோடு முன்னால் நிற்கவும் விட்டுவிடவில்லை. நீங்களும் எங்களை நம்பி முன்னால் நிறுத்திவிட்டீர்கள். எங்கள் போர்வையும் சிறியதுதான். பெற்றோரே, பெரியவர்களே, எங்களுக்கும் ஒரு சட்டை தைத்துத் தாருங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள அறிவையும், அதைக் கற்பிப்போருக்குப் பொறுமையையும் மென்மையையும் தந்தருள்வானாக. ஆமீன்.